நடுக்காம்பராவில் ஒரு வெள்ளைப் பெட்டி

லயத்தில் வைஃபை நிற்காது என்று எனக்குப் புத்தி சொல்லாத ஆள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாக்கியில்லை. என் புருஷன் சொன்னார். கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் சொன்னார். தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிற கணக்குப்பிள்ளை சொன்னார். கொழும்பிலிருந்து மேடம் போனில் சொன்னார். அத்தனை பேருக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: நிற்கும். எப்படி நிற்கும் என்று அப்போது எனக்கும் தெரியாது. இவர்கள் சொல்லி நான் கேட்பதா என்கிற வீம்பு மட்டும் கை நிறைய இருந்தது. அதை வைத்துத்தான் அந்த மாதத்தை ஓட்டினேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் உள்ள ஒரு பார்சல் கம்பனிக்கு வீட்டிலிருந்தே போன் எடுக்கிறேன். பார்சல் எங்கே, ஏன் இன்னும் வரவில்லை, வந்த சட்டை ஏன் கிழிந்திருக்கிறது என்று நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் கேட்பார்கள். தமிழில் கேட்டால் தமிழிலும் சிங்களத்தில் கேட்டால் சிங்களத்திலும் பதில் சொல்ல வேண்டும். தமிழ் என் வீட்டில் வந்தது. சிங்களம் நிவித்திகல கடைத்தெருவில் பேரம் பேசி வந்தது. இந்த இரண்டையும் பேசுவதற்கு எனக்கு ஒருவர் சம்பளம் தருவார் என்று நான் நினைத்ததே இல்லை. அதற்கு முன் புள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், ஆயாவுக்கு உதவியாக இருந்தேன். அதற்கும் முன், பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு, கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றேன். அந்த வீட்டுக் குசினிக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்த காலத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஊருக்குத் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றே, இனி வயிற்றுப்பாட்டுக்காக என் வீட்டை விட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

அதனால்தான் இந்த வைஃபை எனக்குப் படம் பார்க்கிற சமாச்சாரமாக இல்லை.

எங்கள் லயம் ஒரே தகரக் கூரைக்குக் கீழே ஆறு காம்பரா, அதாவது ஆறு அறை. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. ரோட்டுப் பக்கம் இருக்கிற முதல் காம்பரா என் மதினியுடையது, என் புருஷனின் அக்கா. கோடியில் இருக்கிற கடைசிக் காம்பரா எங்களுடையது. இன்டர்நெட் வயர் ரோட்டோரக் கம்பத்திலிருந்து மதினி வீடு வரைக்கும்தான் வந்திருந்தது. என் வீட்டுக்கு இழுத்துத் தரச் சொன்னேன். அட்ரஸ் கேட்டார்கள். சொன்னேன். அந்த அட்ரஸில் ஏற்கெனவே ஒரு கனெக்‌ஷன் இருக்கிறது என்றார்கள். இருக்கத்தான் செய்யும். முதல் காம்பராவுக்கும் கடைசிக் காம்பராவுக்கும், மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும், அத்தனை பேருக்கும் தோட்டத்தின் பெயர்தான் அட்ரஸ். எங்கள் யாருக்கும் வீட்டு நம்பர் கிடையாது. ஒரு வீட்டுக்கு இரண்டு கனெக்‌ஷன் எதற்கு என்று போனில் அந்தப் பெண் கேட்டபோது, "அது வீடு இல்லம்மா, ஒரு ஊரு" என்று கத்திவிட்டு வைத்தேன்.

கடைசியில் மெஷ் வாங்கினேன். மூன்று வெள்ளைப் பெட்டிகள். முதல் பெட்டி மதினி வீட்டில், இரண்டாவது நடுக்காம்பராவில், மூன்றாவது என் வீட்டில். மதினி வீட்டுப் பெட்டி நடுப்பெட்டிக்குக் கொடுக்கும், நடுப்பெட்டி எனக்குக் கொடுக்கும். லொறியில் சாமான் ஏற்றும்போது ஆள் மாற்றி ஆள் கைகொடுப்பது மாதிரி. நடுவில் நிற்கிற ஆள் கையை எடுத்தால் மூட்டை கீழேதான் விழும்.

அந்த நடுக்காம்பராவில் இருந்த அக்காவுக்கும் எனக்கும் ஆகாது. அவர் கொழுந்து எடுக்கிறவர். புருஷன் தவறிவிட்டார், மகன் கட்டாரில். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். மற்ற நாட்களில் அந்த வாய்க்கு யாரும் தப்ப முடியாது. வீட்டுக்கு முன்னால் ஓடுகிற சாக்கடைக் கானில் நான் சாம்பலைக் கொட்டி அடைத்துவிட்டேன் என்று ஒருமுறை தொடங்கிய சண்டை, பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தது. பெட்டியை வைக்க இடம் கேட்டு அவர் வாசலில் போய் நின்றபோது எனக்கே என் மேல் எரிச்சல்.

"வச்சா எனக்கும் நெட்டு வருமா?" என்றார்.

"வரும்க்கா. மகனோட வீடியோவுல பேசலாம்."

"அப்பன்னா வையி. ஆனா கரண்டு பில்லு ஏறிச்சுன்னா பெட்டி கான்லதான் கெடக்கும்."

வைத்தேன். சுவரில் தாழ்வாக ஒரே ஒரு ப்ளக் பொயின்ட்தான் இருந்தது, எல்லாக் காம்பராவிலும் அப்படித்தான். அதற்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுப் பெட்டியை உட்கார வைத்தோம். அன்று காலையில் மூன்று பெட்டியிலும் பச்சை லைட் எரிந்தது. நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு அறுந்தது.

"உங்கள் பார்சல் இப்போது குருநாகல்..." என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. என் பெட்டியில் சிவப்பு லைட். அடுத்த நாள் காலையில் பளிங்கு மாதிரி வேலை செய்தது. நாலு மணிக்கு மறுபடியும் சிவப்பு. அதற்கடுத்த நாளும் அதே கதை. பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாள் என்று என் மேல் முறைப்பாடு போனது. ஒரு ஆள், திமிர் பிடித்தவள் என்றே சொல்லியிருந்தாராம். திமிர் உண்டுதான், ஆனால் அந்தப் போனை நான் வைக்கவில்லை.

மேடம் எடுத்தார். எங்கள் வேலையைப் பார்த்துக்கொள்கிற சுப்பர்வைசர். கொழும்புத் தமிழ், நயமான குரல், நயமாகவே கழுத்தை அறுப்பார்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள லைன் சரியாகோணும். இல்லாட்டி நீங்க கொழும்புக்கு வந்து ஒஃபிஸ்ல இருந்து செய்யலாம். பக்கத்துலயே போர்டிங் இருக்கு. அதுவும் ஏலாதெண்டா வேற ஆளப் பார்க்கத்தான் வேணும்."

"கொழும்புக்கு வரமாட்டேன் மேடம். லைன் சரியாகும்."

"எப்படிச் சரியாகும்? நீங்க இருக்கிற எடம் அப்படி."

நீங்க இருக்கிற எடம் அப்படி. இந்த வாக்கியத்தை நான் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், வங்கியில். எனக்கு உச்சந்தலை வரை சுட்டது.

கனெக்‌ஷன் கொடுத்த இடத்திலிருந்து ஒருவரை வரவழைத்தேன். சிங்களவர். பையன் என்று சொல்ல முடியாது, கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கும் ஆள். நல்ல மனிதர். காலையில் வந்தார், மூன்று வீட்டையும் பார்த்தார், கருங்கல் சுவரைத் தட்டினார், தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இரும்பு, கண்ணாடி ஒன்றும் இருக்கக் கூடாது என்றார். நடுக்காம்பராவில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற நீல பிளாஸ்டிக் பீப்பாயை, நாங்கள் பெரல் என்போம், விரலால் தட்டினார். டொங்கென்று வெறும் சத்தம் வந்தது. பிளாஸ்டிக் ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் இருந்த நேரம் முழுவதும் மூன்று பெட்டியும் பச்சையாக எரிந்து என் மானத்தை வாங்கின.

"லெயின் காமரவலட்ட மேக்க ஹரியன்னே நே, நங்கி," என்றார் போகும்போது. லயத்துக் காம்பராவுக்கெல்லாம் இது சரிவராது தங்கச்சி, என்று.

"லெயின் காம்பரா உங்களுக்கு என்ன செய்தது?" என்று சிங்களத்திலேயே கேட்டேன். சிரித்துவிட்டு, பால் ஊற்றாத பிளேன்டியைக் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு நானே இறங்கினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். இடம் மாற்றிப் போட்டேன். மதினி வீட்டுப் பெட்டியை என் வீட்டிலும் என் வீட்டுப் பெட்டியை மதினி வீட்டிலும் வைத்தேன். போனைக் கையில் ஏந்திக்கொண்டு லயத்து வாசல் நெடுக நடந்து, எந்த இடத்தில் கோடு குறைகிறது என்று பார்த்தேன். "தங்கச்சி லயத்துக்கு மந்திரிக்குது" என்று ஆட்கள் சிரித்தார்கள். எங்கே நடந்தாலும் நடுக்காம்பரா தாண்டியதும் கோடு விழுந்தது. அதுவும் நாலு மணிக்கு மேல் மட்டும்.

நாலு மணிக்குத்தானே பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் போனைத் தூக்குகின்றன என்று எனக்குத் தோன்றியது. ஒரு வார்த்தை சொல்லாமல் பாஸ்வேர்டை மாற்றினேன். லயமே கொந்தளித்தது. மதினி என் முகத்தைப் பார்க்கவில்லை. வயர் வந்திருப்பது அவர் வீட்டுக்கு, அவர் பிள்ளைக்கே நெட் இல்லை. அப்படியும் நாலு மணிக்குச் சிவப்பு லைட் எரிந்தது. பாஸ்வேர்டைத் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, ஒரு சீப்பு வாழைப்பழம் மட்டும் கொடுத்தனுப்பினேன்.

என் புருஷன் ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். மழை பெய்தால் வேலை இல்லை. இரத்தினபுரிப் பக்கம் மழை பெய்யாத நாள் எது? வீட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மெதுவாகச் சொன்னார்.

"போர்டிங்ல கொஞ்ச நாளைக்கு இருந்து பாரேன். நான் இங்க சமாளிச்சிக்கிறேன்."

"நீங்க போய் இருங்க," என்றேன். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குத்தான் அன்று அழுகை வந்தது. அடுப்புப் புகையைச் சாட்டி அழுது தீர்த்தேன்.

அடுத்து நடந்ததை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். மேலே மண் சரிந்து தண்ணீர்க் குழாய் உடைந்துபோனது. எங்கள் பீலியில், அதாவது லயத்துப் பொதுக் குழாயில், தோட்டத்து நிர்வாகம் தண்ணீர் திறந்துவிடுவது சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் மட்டும்தான். அன்று அதுவும் இல்லை. கொழுந்து எடுத்துவிட்டு நனைந்து வந்த பெண்கள் வெறும் குடத்தோடு நின்று, தோட்டத்தை நடத்துகிற தொரையை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நான் உள்ளே அழைப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நாலு மணி போனது. ஐந்து மணி போனது. பெட்டி பச்சையாகவே எரிந்தது. லயமே தண்ணீருக்கு அழுகிறது, நான் மட்டும் உள்ளே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் குழாய் சரியானது. பீலி திறந்தது. சிவப்பு லைட்.

ஹெட்செட்டைக் கழற்றி வீசிவிட்டு ஓடினேன். நடுக்காம்பராவில் அக்கா பீலியிலிருந்து ஹோஸ் பைப்பை இழுத்து அந்த நீலப் பெரலை நிரப்பிக்கொண்டிருந்தார். பெரல் முக்காலியை ஒட்டி, என் வீட்டுப் பக்கமாக, பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றது. காலையில் அந்தப் பெரல் காலியாக இருக்கும். இரவுச் சமையலுக்கும் குளிப்புக்கும் எல்லாம் போய்விடும். அன்றைக்கு வந்த மனிதர் தட்டிப் பார்த்தது வெறும் பெரலை.

"அக்கா, அந்தத் தண்ணிய எறைங்க."

"என்னது?"

"பெரல்ல இருக்கிற தண்ணிய எறைங்கக்கா, ஒரு தடவ பாப்போம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பெரல் தானாக வற்றியிருக்க வேண்டும். ஆனாலும் என் முகத்தில் எதைக் கண்டாரோ, வாளியை எடுத்தார். இருக்கிற குடம், சட்டி, அண்டா எல்லாவற்றிலும் இறைத்து முற்றத்தில் வைத்தோம். கோடி வீட்டு வாசலில் நின்ற என் புருஷனைப் பெட்டியைப் பார்த்து லைட்டைச் சொல்லச் சொன்னேன்.

"செவப்பு!" என்றார். அரைப் பெரல் இறைத்தோம். "மஞ்ச!" என்றார். அடியில் ஒரு சாண் தண்ணீர் நிற்கும்போது, "பச்ச! பச்ச!" என்று லயமே அதிரக் கத்தினார். மறுபடி நிரப்பினோம். மறுபடி சிவப்பு. அக்கா வாயைத் திறந்தபடி நின்றார்.

"தண்ணிக்கும் நெட்டுக்கும் என்னடி சம்பந்தம்?"

"தெரியாதுக்கா. தண்ணி அத விடுறதில்ல போல."

"அப்ப நான் தண்ணி புடிக்கக் கூடாதுங்கிறியா? பைப்பு இதுவரைக்குந்தான் எட்டுது. இந்த எடத்துலதான் பெரல் ஆடாம நிக்கும். ஒரு மணித்தியாலத்துல புடிக்காட்டி ராத்திரிக்கு நான் என்ன செய்றது?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகில்லை. சண்டை பிடிக்கத் திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். இத்தனை நாளும் என் எதிரி கருங்கல் என்று நினைத்தேன், தகரம் என்று நினைத்தேன், பள்ளிப் பிள்ளைகள் என்று நினைத்தேன். நாள் முழுக்கத் தண்ணீர் விட்டால் எந்த வீட்டிலும் பெரலே இருக்காது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. கோபம் அந்த இடத்திலேயே ஆள் மாறியது.

"பெரல் நிக்கட்டும். பெட்டிய மேல ஏத்துவோம்," என்றேன்.

என் புருஷன் ப்ளக்கிலிருந்து வயரை நீட்டி, வாசல் பக்கம் கூரைக்குக் கீழே, பெரலின் தலைக்கு மேல் போகிற மாதிரி சுவரில் துளை போட்டு ஒரு பலகையை அடித்தார். பெட்டியை அதில் உட்கார வைத்தோம். பீலி திறந்தது, பெரல் நிறைந்தது, என் வீட்டில் பச்சை எரிந்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

கணக்குப்பிள்ளைக்கு எப்படித்தான் மூக்கு வேர்த்ததோ, மறுநாள் காலையிலேயே வந்து நின்றார்.

"யாரக் கேட்டுச் சொவத்துல தொள போட்டீங்க? இது கம்பனிச் சொவரு."

"கூர ஒழுகுதுன்னு ரெண்டு வருசமாச் சொல்றோம் ஐயா. அதப் பாக்க ஒரு ஆளும் வரல. ரெண்டு ஆணி அடிச்சதுக்கு விடிஞ்சதும் வந்துட்டீங்க."

"வாய் பேசாத. தொர பாத்தா என் வேலைதான் போகும். வெள்ளிக்கெழம வருவேன். நீங்க கழட்டலன்னா நான் கழட்டுவேன்."

வெள்ளிக்கிழமைதான் மாதத்தின் கடைசி நாள். மேடமும் அன்றைக்குச் சாயங்காலம்தான் என் கோல்களை, வருகிற அழைப்புகளை, கூடவே இருந்து கேட்கப்போவதாகச் சொல்லியிருந்தார். லைன் அறுந்தால் அத்தோடு சரி. பின்னால் சத்தம் கேட்கக் கூடாது, நாய் குரைக்கக் கூடாது, ஒஃபிஸில் இருப்பது மாதிரி இருக்க வேண்டும் என்பதும் அவர் சட்டம். வியாழக்கிழமை என் புருஷன், "அவரு போற வரைக்கும் எறக்கி வச்சிருவமா?" என்றார். ஒரு நொடி எனக்கும் அந்த எண்ணம் வந்தது. பிறகு, இறக்கினால் அவர் போன பிறகும் அது ஏறாது என்று தோன்றியது.

"இருக்கட்டும். அது அந்த எடத்துலதான் இருக்கும்."

வெள்ளிக்கிழமை கொட்டுகிற மழை. பீலி திறந்த நேரம். நான் கதவைச் சாத்திவிட்டு, நிறையப் பேசுகிற ஒரு அம்மாளுக்கு அவருடைய மிக்சி கண்டிக்குப் போய்த் திரும்பி வருகிற கதையைச் சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். மேடம் அந்தப் பக்கம் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே கணக்குப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஏணி எங்கே என்று அவர் யாரையோ கேட்பது என் காதில் விழுந்தது. எழுந்து ஓட முடியாது. என் வாய் மிக்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது, கண் பெட்டியின் லைட்டிலேயே நிற்கிறது.

அடுத்து அக்காவின் குரல். அது ஆறு காம்பராவையும் தாண்டி மேல் லயம் வரை கேட்கும் குரல்.

"பெட்டி என் வீட்டுச் சொவத்துல இருக்கு ஐயா! கழட்டுறதுன்னா என்னக் கேட்டுக் கழட்டுங்க! மொதல்ல தொரைகிட்டச் சொல்லி நாள் பூரா தண்ணி விடுங்க. பெரலத் தூக்கி வீசிடுறோம், பெட்டியையும் கீழ எறக்கிடுறோம். அது வரைக்கும் ஏணியில கால வச்சுப் பாருங்க!"

மதினியின் குரலும் சேர்ந்தது. பிறகு யார் யாரென்று சொல்ல முடியவில்லை. மழையில் நனைந்தபடி குடத்தோடு நின்ற அத்தனை பேரும் தண்ணீரைப் பற்றியே கத்தினார்கள். வைஃபை என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.  நான் அந்த அம்மாளிடம் மிக்சி செவ்வாய்க்கிழமை வந்துவிடும் என்று ஒழுங்காகச் சொல்லி, நன்றி சொல்லி, முடித்தேன். மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

பெட்டி பச்சையாக எரிந்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் மேடம்.

ரேடியோ என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டில் கல்யாணம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்கள் கொழும்புக்குப் போனால் எந்த ஊர் என்று கேட்பவர்களுக்கு இரத்தினபுரி டவுன் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது போல, நானும் ஏதாவது சொல்லி மறைத்திருக்கலாம்.

"அது எங்க லயத்துச் சத்தம் மேடம். லைன் கட் ஆகலதானே?"

 நான் லைட்டைப் பார்த்தேன். பச்சைதான்.

"இல்ல. கட் ஆகல," என்றார் மேடம்.

"அப்ப அடுத்த கோலக் குடுங்க," என்றேன்.